பத்து வருஷம் வேலை பார்த்தவருக்கு லாங் சர்வீஸ் லீவ் 0 வாரமா?

டாண்டினாங், மெல்பர்ன்
17.3.2025

பேரோல் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பலகாரக் கடையில் வேலை செய்யும் ஒன்பது பேரின் சம்பளக் கணக்கையும் ஜூலை 2023 முதல் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். சம்பளம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்லை, அதற்கு நன்றி. ஆனால் லாங் சர்வீஸ் லீவ், அதாவது ஒரே இடத்தில் நீண்ட காலம் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு கிடைக்கும் விடுப்பு, அதன் கணக்கில் நடந்திருப்பது பெரிய தவறு.

மாவு அரைக்கும் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு இந்த மாதம் 2ஆம் தேதியோடு பத்து வருஷம் முடிந்தது. ஊரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஏப்ரல் கடைசியிலிருந்து எட்டு வாரம் லீவு கேட்டார். உங்கள் மென்பொருளில் அவர் பெயரைத் திறந்தேன். 'தகுதி: 0 வாரம்' என்று காட்டியது. கையில் மாவோடு பக்கத்தில் நின்றவர், "அண்ணா, நான் பத்து வருஷமா இங்கதானே இருக்கேன்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று இரவே உட்கார்ந்து பார்த்தேன். அவர் வேலைக்குச் சேர்ந்த தேதி 3.7.2017 என்று பதிவாகியிருக்கிறது. அது நான் இந்தக் கடையை வாங்கிய தேதி! அவர் பழைய முதலாளியிடம் 2.3.2015 அன்று சேர்ந்தவர். அந்த நியமனக் கடிதம், மஞ்சள் கறை படிந்த மூலையோடு, இப்போதும் என் மேசை டிராயரில் இருக்கிறது. 2023இல் அதன் நகலை உங்களுக்கு அனுப்பினேன். கடை கைமாறினாலும் ஊழியரின் சேவை தொடர்கிறது என்பதுதான் நம் விக்டோரியா மாநிலச் சட்டம்.

அடுத்தது, 2020-21இல் அவர் எடுத்த 52 வாரச் சம்பளமில்லாப் பிரசவ விடுப்பு. அதைச் சேவைக் காலத்திலிருந்து கழித்திருக்கிறீர்கள். 1.11.2018 முதல் நடப்பில் உள்ள 2018ஆம் ஆண்டு லாங் சர்வீஸ் லீவ் சட்டப்படி அந்த 52 வாரமும் சேவையில் சேரும். இந்த இரண்டு பிழையும் சேர்ந்துதான் அவருடைய சேவையை ஏழு வருஷத்துக்குக் கீழே இறக்கிவிட்டன. ஏழு வருஷம் ஆனால்தானே லீவு எடுக்க முடியும்? அதனால்தான் 0. சரியாகப் போட்டால் மொத்தச் சேவையில் 60இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 8.7 வாரம் வருகிறது.

சம்பள விகிதமும் தவறு. பிள்ளை பள்ளிக்குப் போவதால் ஜனவரி 2024இல் வாரத்துக்கு 38 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்கு மாறினார். கடைசி 104 வாரத்துக்குள் நேரம் மாறியிருந்தால் 52 வாரம், 260 வாரம், முழுச் சேவைக்காலம் ஆகிய மூன்றின் சராசரியில் எது அதிகமோ அதைத்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் 24 மணி நேரத்தை மட்டும் வைத்திருக்கிறீர்கள்.

மூன்று முறை ஃபோன் செய்தேன். மூன்றாவது முறை பேசியவர், "நீங்களே எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். அப்படியே செய்தேன். அடுத்த முறை சம்பளம் போட்டபோது மறுபடியும் 0 வந்து நின்றது. தேதியைத் திருத்தாமல் மேலே எண்ணை மட்டும் மாற்றினால் வேறு என்ன ஆகும்?

சட்டத்தின் முன் பொறுப்பு எனக்குத்தான் என்பது தெரியும். ஊழியர் போன பிறகும் 7 வருஷம் இந்தப் பதிவுகளை வைத்திருக்க வேண்டியவன் நான். அவர் அன்றைக்கே வேலையை விட்டிருந்தால், இந்த 0ஐ நம்பி ஒரு காசும் கொடுக்காமல் அனுப்பியிருப்பேனே என்பதுதான் மனதை அறுக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே வந்த அரசு ஊழியர்கள் கப்பலேறிச் சொந்த ஊர் போய்வரட்டும் என்று தொடங்கிய லீவு இது. இவரும் அதற்குத்தான் கேட்கிறார்.

சேர்ந்த தேதி, பிரசவ விடுப்பு, சராசரி நேரம் மூன்றையும் திருத்தி, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதை எழுத்தில் அனுப்புங்கள். அப்புறம், மற்ற எட்டுப் பேரின் தேதிகளையும் நான் தந்த பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களில் மூன்று பேர் பழைய முதலாளி காலத்திலிருந்தே இருப்பவர்கள். 2023இல் என்னிடமிருந்து வாங்கி நீங்கள் ஏற்றிய கோப்பின் நகலும் வேண்டும்.

நியமனக் கடிதத்தையும் விடுப்பு விண்ணப்பத்தையும் மறுபடி இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அவர் விமான டிக்கெட் எடுக்கப் போகிறார். வியாழன் மாலைக்குள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்