கற்சிலைமடுக் கல்லும் அரியாத்தை ஒப்பாரியும்

முள்ளியவளை
மாசி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம். காலபோக வெட்டு முடிகிற நேரம். முத்தையன்கட்டுப் பக்கம் ரோட்டோரம் முழுக்க நெல் காயப்போட்டிருக்கிறார்கள். வழக்கம்போல வெட்டுக் காலத்தில் விலை இறங்கிவிட்டது. மற்றப்படி குறையில்லை. உனக்குச் சீனி வருத்தம் இப்போது கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று வாசித்தது பெரிய ஆறுதல்.

மகன், எங்கள் வட இலங்கை வன்னியில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற தலைவன் பண்டார வன்னியனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறான், எதிலிருந்து தொடங்கச் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறாய். கற்சிலைமடுவிலிருந்து தொடங்கச் சொல். ஒட்டுசுட்டானுக்குச் சைக்கிளில் போகிற காலத்தில் நாங்கள் இறங்கி நின்று வாசிக்கிற அந்தக் கல்லிலிருந்து. அதில் ஆங்கிலத்தில் இருந்ததன் பொருள் இவ்வளவுதான்: கப்டன் வொன் டிறிபேர்க் இந்த இடத்துக்கு அண்மையில் பண்டார வன்னியனைத் தோற்கடித்தான், 31 ஒக்டோபர் 1803.

வென்றவர்களின் பெருமையைச் சொல்ல நட்ட கல் அது. ஆனால் இன்றைக்கு அந்தக் கப்டன் யார், எங்கே பிறந்தான், எப்படிச் செத்தான் என்று வன்னியில் ஒருவரும் கேட்பதில்லை. வவுனியாக் கச்சேரிக்கு, அதுதான் அரச செயலகத்துக்கு, முன்னால் சிலையாக நிற்பதும், வருடா வருடம் மாலை வாங்குவதும் தோற்றவன்தான். 2010இல் அந்தக் கல்லை யாரோ உடைத்தார்கள். பிறகு திருத்தி நிறுத்தினார்கள். உடைந்த செய்தி வந்த அன்றைக்கு எனக்கு வந்த துக்கத்தை என்னாலேயே விளங்கிக்கொள்ள முடியவில்லை. எதிரி எழுதிய எழுத்துத்தானே, போனால் போகட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனால் இந்த மண்ணில் அவன் பெயரைத் திகதியோடு சொன்ன பழைய சாட்சி அது. அதை விட்டால் எங்களிடம் வேறு என்ன இருந்தது?

மகனிடம் இன்னொன்றும் சொல். அந்தக் கல்லில் தோற்கடித்தான் என்று இருக்கிறதே தவிர கொன்றான் என்று இல்லை. ஒக்டோபர் 31ஐ அவன் இறந்த நாளாகவே பலர் நினைத்து வந்தார்கள். அதற்குப் பிறகும் அவன் உயிரோடு இருந்து தொல்லை கொடுத்தான் என்பது வெள்ளைக்கார அதிகாரிகளின் பதிவுகளிலேயே உண்டு. நாட்டுக்கூத்து மேடையில் மூன்றாம் சாமத்தில் அவன் விழுந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சனம் எழும்பாது. வரலாற்றுக்கு அந்த அவசரம் இல்லை.

அவன் தனி ஆளாக நின்று மோதினான் என்ற மாதிரித்தான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1803 என்ன வருடம் என்று பார்த்தால் படம் பெரிதாகிறது. அந்த வருடம் ஆங்கிலேயர் கண்டியைப் பிடிக்கப் போய், ஜூன் மாதம் அங்கே விட்டுவந்த படையை முழுக்கப் பறிகொடுத்தார்கள். அதன் பிறகு கண்டி அரசன் பல பக்கத்தாலும் அவர்களைத் தாக்கினான். பண்டார வன்னியன் கண்டியோடு சேர்ந்து, ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது அந்த நேரத்தில்தான். அங்கே இருந்த படை கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பின்வாங்கியது. காட்டுக்குள் இருந்த ஒரு வன்னியன் கண்டியில் நடப்பதை அறிந்து, காலம் பார்த்து அடித்திருக்கிறான். வாளைத் தூக்கி நிற்கிற சிலையைவிட இந்தக் காலக் கணிப்பில்தான் எனக்கு அவன் பெரிய மனிதனாகத் தெரிகிறான்.

பண்டார வன்னியனைக் காக்கை வன்னியன் காட்டிக்கொடுத்த கதையையும் மகன் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பான். அதை எழுதும்போது கவனமாக இருக்கச் சொல். யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூலில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியைப் பறங்கியரிடம், அதாவது போர்த்துக்கீசரிடம், காட்டிக்கொடுத்தவன் பெயரும் காக்கை வன்னியன்தான். யாழ்ப்பாணத்தின் கடைசிச் சங்கிலி பிடிபட்டது 1619இல். பண்டார வன்னியன் தோற்றது 1803இல். ஏறக்குறைய இருநூறு வருட இடைவெளியில் ஒரே பெயரில் இரண்டு துரோகி! நாங்கள் தோற்கும்போதெல்லாம் ஒரு காக்கை வன்னியனைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது. எதிரியிடம் எத்தனை பேர் இருந்தார்கள், துவக்கு எத்தனை, வெடிமருந்து எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்பதைவிட ஒருவனைத் திட்டுவது சுலபம். இது பழைய கதைக்கு மட்டும் சொல்வதில்லை, உனக்கு விளங்கும்.

எழுத்தில் உள்ளதைத் தேடினால், திரும்பத் திரும்ப வெள்ளைக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஜே. பி. லூயிஸ் என்ற அதிகாரி 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி ஒரு பெரிய கைநூல் வெளியிட்டார். எங்கள் குளங்கள், ஊர்கள், காய்ச்சலில் அழிந்த சனம், வயல் வழக்கங்கள் எல்லாம் அதில் வருகிறது. அவருக்கு முன்னால் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் வன்னியை நிர்வகித்த தோமஸ் நாகெல் 1793இல் எழுதிய அறிக்கை. இருவரும் ஆள வந்தவர்கள். எங்களைப் பற்றி அவர்கள் சொன்ன சில வார்த்தைகள் இன்றைக்கும் சுடும். இருந்தாலும் லூயிஸ் அத்தனை ஊர்ப் பெயரையும் பொறுமையாக எழுதி வைக்காவிட்டால், காடாகிப்போன எத்தனையோ ஊர் இருந்ததென்றே தெரியாமல் போயிருக்கும். அந்த நன்றியை நான் மறைக்க விரும்பவில்லை.

இப்படியான பழைய புத்தகங்களில் ஓரிடத்தில் ஒரு பெண் வருகிறாள். 1782இல் ஒல்லாந்தர் வன்னியைப் பிடிக்கப் படை அனுப்பியபோது கடுமையாக எதிர்த்து நின்றவர்களில் வன்னிச்சி, அதாவது வன்னித் தலைவி, மரியா செம்பாத்தையும் ஒருத்தி. அவளைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொழும்புக் கோட்டையில் சிறை வைத்தார்கள். அவ்வளவுதான் செய்தி. அவளுடைய ஊர், பிள்ளைகள், சிறையில் கழிந்த நாட்கள், ஒன்றும் இல்லை. பண்டார வன்னியனுக்கு இருபது வருடத்துக்கு முன்னால் இதே காட்டில் ஒரு பெண் படை நடத்தியிருக்கிறாள், அவளுக்குச் சிலையும் இல்லை, ஒப்பாரியும் இல்லை.

ஒப்பாரி என்றதும் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

குமுழமுனை அரியாத்தையை உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, உன் அம்மா பிறந்த ஊர். வேலப்பணிக்கன் பெண்சாதி. ஆம்பிளைகள் கிட்டப் போகப் பயந்த கொம்பன் யானையைப் பிடித்துக் கட்டியவள். அதைப் பொறுக்காதவர்கள் அவளுக்கு நஞ்சூட்டிக் கொன்றார்கள் என்பது கதை. சின்ன வயதில் இதை ஒரு அதிசயக் கதையாகத்தான் கேட்டோம். இப்போது யோசித்தால் வன்னியின் முழுப் பொருளாதாரமும் அதற்குள் இருக்கிறது. வன்னியர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாகக் கொடுத்தது யானை. யானை பிடிக்கிற பணிக்கரின் கையில்தான் ஒரு தலைவனின் மானமும் பதவியும் தங்கியிருந்தன. அப்படியான இடத்தில் ஒரு பெண் போய் யானையைக் கட்டினால், எத்தனை பேரின் தலை குனிந்திருக்கும்! நஞ்சு ஏன் வந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அவளுக்குக் கல் நடவில்லை. எந்த அதிகாரியும் அறிக்கையில் எழுதவில்லை. இழவு வீட்டில் தலைவிரித்து இருந்து அழுகிற பெண்கள், தங்கள் சொந்தச் சாவுகளுக்கு நடுவே அவளையும் சேர்த்து அழுது, மகளுக்கும் மருமகளுக்கும் வாய்வழியாகக் கொடுத்தே காப்பாற்றினார்கள். பிறகு அதை ஏட்டிலும் அச்சிலும் ஏற்றினார்கள், கூத்தாகவும் ஆடினார்கள். கற்சிலைமடுக் கல் உடைந்தபோது செய்தி வந்தது. ஒப்பாரியில் ஒரு அடி மறந்துபோனால் யாருக்குத் தெரியும்? பாடத் தெரிந்த ஒரு ஆச்சி கண் மூடினால், பத்து அடி அவளோடு சுடலைக்குப் போய்விடும்.

சி. வை. தாமோதரம்பிள்ளையை இந்த நாட்களில் அடிக்கடி நினைக்கிறேன். சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர், புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். வசதியாக ஓய்வெடுத்திருக்கலாம். அவரோ ஊர் ஊராக ஏடு தேடினார். வீரசோழியம், இறையனார் அகப்பொருள், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்று ஒவ்வொன்றாக அச்சேற்றினார். 1887இல் வந்த கலித்தொகைப் பதிப்புரையில் அவர் படும் பாட்டை வாசிக்க வேண்டும். ஏட்டைத் தொட்டால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது, புரட்டினால் துண்டு துண்டாகப் பறக்கிறது என்று அழாத குறையாக எழுதியிருக்கிறார். அவர் பத்து வருடம் சுணங்கியிருந்தால் சிலது மண்ணாகியிருக்கும். பெரியவர்கள் என்று நாங்கள் படம் மாட்டி வைக்கிற பலரைவிட, இப்படி அடுத்தவன் எழுதியதைக் காப்பாற்றவே ஆயுளைக் கொடுத்தவர்களிடம்தான் என் மனம் இப்போது போகிறது. தங்கள் பெயருக்காக அவர்கள் செய்யவில்லை. செய்யாமல் விட்டிருந்தால் ஒருவரும் அவர்களைக் குற்றம் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

2009இல் போர் முடிந்த பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் புத்தக அலமாரி இருந்த சுவரே இல்லை. என் ஆச்சி சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்த கொப்பிகள் அதற்குள் இருந்தவை. இங்கே முக்கால்வாசி வீட்டுக் கதை இதுதான், நான் தனியாக அழ ஒன்றுமில்லை. ஆனால் அதனால்தான் இப்போது உன்னிடம் கேட்கிறேன்.

உன் அம்மாவுக்கு அந்த ஒப்பாரி பாடம். எங்கள் வீட்டில் அப்பு செத்த அன்றைக்கு அவ அழுதது என் காதில் இன்னும் இருக்கிறது. அரியாத்தை வருகிற இடத்தில் அவ இழுக்கிற இழுப்பு முள்ளியவளைக்காரர் இழுப்பு இல்லை. அச்சில் வந்ததில் இல்லாத அடிகள் சிலது அவவிடம் இருந்ததாக நினைவு. மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தாய். மகனை ஒரு பின்னேரம் அவவுக்குப் பக்கத்தில் இருத்து. போன் ஒன்றே போதும், அதில் ஒலியைப் பதிவு செய்யட்டும். பாடென்று நேரே கேட்க வேண்டாம். சாவு நடக்காத வீட்டில் ஒப்பாரி சொன்னால் கூடாதென்று மறுத்துவிடுவா. குமுழமுனையைப் பற்றிக் கேட்கட்டும், யானை வந்த கதையைக் கேட்கட்டும், அவவின் தாயார் பற்றிக் கேட்கட்டும். அடிகள் தானாக வரும். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

இன்னும் சில விஷயம். சொல்லைத் திருத்த வேண்டாம். விளங்காத சொல்லையும் அவ சொன்ன மாதிரியே எழுதட்டும், பொருளை இங்கே நான் கேட்டு அனுப்புகிறேன். யாரிடம் பழகினா, எந்த வீட்டுச் சாவில் முதலில் கேட்டா என்பதையும் தவறாமல் கேட்கச் சொல். திகதி போடட்டும். இரண்டு பிரதி வைத்து ஒன்றை எனக்கு அனுப்பட்டும். மகனின் கட்டுரையில் பண்டார வன்னியன் இருக்கட்டும், அது தேவைதான். ஆனால் அவன் கட்டுரையை வாசிக்கப் போகிறவர் வாத்தியார் ஒருவர். இந்தப் பதிவை அவனைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது, அதுவும் இந்த வருடமே செய்ய வேண்டியது.

லூயிஸின் புத்தகத்தில் பண்டார வன்னியன் வருகிற பக்கங்களைப் படமெடுத்து வட்சப்பில் அனுப்புகிறேன். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வர முடியுமா என்று பார். மாமியையும் கூட்டிக்கொண்டு வந்தால் நல்லது. பயணம் ஏலாதென்றால் நீயும் மகனும் மட்டுமாவது வாருங்கள், அறை ஒழுங்கு செய்து வைக்கிறேன். கடைசித் தங்கச்சிக்குக் கலியாணம் முற்றாகியிருக்கிறது, மாப்பிள்ளை தண்ணீரூற்றுப் பக்கம். நாள் வைத்ததும் சொல்கிறேன்.

மாமியிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்