மேல்முறையீட்டுக் கடிதம் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பணம் தர முடியாது என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்ததும், பலர் தாங்கள் படும் பாட்டையெல்லாம் நான்கு பக்கத்துக்கு எழுதி மேல்முறையீடு என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பாடு உண்மைதான். ஆனால் நிறுவனம் எந்தக் காரணத்தைச் சொல்லி மறுத்ததோ, அதற்கு அந்த நான்கு பக்கத்திலும் பதில் இருக்காது. மனு தோற்பது அங்கேதான்.

மறுப்புக் கடிதத்தில் காரணம் பெரும்பாலும் மூன்று விதமாக வரும். பாலிசியிலேயே இந்தச் சிகிச்சைக்கு இடமில்லை என்பது ஒன்று. மருத்துவ அவசியம் நிரூபிக்கப்படவில்லை என்பது இன்னொன்று. ஆவணம் போதவில்லை என்பது மூன்றாவது. முதல் வகைக்கு எத்தனை மருத்துவச் சான்று அடுக்கினாலும் பயனில்லை. அது ஒப்பந்த வாசகத்தை வைத்து வாதாட வேண்டிய விஷயம். 'எடை குறைப்புத் திட்டங்கள்' மட்டும் விலக்கப்பட்டிருந்தால், அறுவை சிகிச்சையும் அதில் அடங்குமா என்று கேட்க இடமுண்டு. 'உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை' என்றே அச்சிட்டிருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. எந்த வகையானாலும், பாலிசியின் முழு வாசகம், மறுப்புக்குப் பயன்படுத்திய மருத்துவ அளவுகோல், தங்கள் கோப்பின் நகல் ஆகிய மூன்றையும் முதலில் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அளவுகோலைப் பார்க்காமல் எழுதும் கடிதம் கேள்வித்தாளைப் பார்க்காமல் எழுதும் பரீட்சை.

அடுத்தது பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீட்டு எண்ணின் கணக்கு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 112 கிலோ எடை, 1.65 மீட்டர் உயரம் என்றால் 41.1. அதே ஆளைச் செருப்போடு நிறுத்தி அளந்து 1.68 என்று எழுதிவிட்டால் 39.7. பாலிசி 40 கேட்டால், அந்த மூன்று சென்டிமீட்டரிலேயே விண்ணப்பம் விழுந்துவிடும். ஆகவே வெறுங்காலில் மறுபடி அளந்து, தேதியும் கையொப்பமும் வாங்குங்கள். இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நிறுவனம் கேட்டதற்காகவே ஆறு மாதம் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்து 108 கிலோவுக்கு இறங்கியவரின் பிஎம்ஐ 39.7 ஆகிவிடுகிறது, அதையே காரணம் காட்டி மறுக்கிறார்கள். திட்டத்தில் சேர்ந்த நாளின் எடையைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்று, அன்றைய பதிவை இணைத்துக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுத வேண்டும்.

இந்த 40 என்ற எண் 1991-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய கருத்தரங்கிலிருந்து வந்தது: 40, அல்லது சர்க்கரை, தூக்கத்தில் மூச்சுத் தடை போல உடல் பருமனோடு சேர்ந்து வரும் இணை நோய் இருந்தால் 35. அமெரிக்க, சர்வதேச பேரியாட்ரிக் (எடை குறைப்பு அறுவை) மருத்துவர் சங்கங்கள் 2022-இல் அதைத் திருத்தின. இப்போதைய பரிந்துரைப்படி இணை நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 35 போதும். 30 முதல் 35 வரை உள்ளவர்களில் சர்க்கரை போன்ற வளர்சிதை மாற்ற நோய் இருப்பவர்களுக்கும் பரிசீலிக்கலாம். ஆசிய மக்களுக்கான வரம்பு இன்னும் கீழே, 27.5. பாலிசி பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் இந்தத் திருத்தம் மட்டுமே வழக்கை வெல்லாது. ஆனால் 'மருத்துவ அவசியம் இல்லை' என்ற மறுப்புக்கு இது நேரான பதில்.

ஆறு மாத உணவுத் திட்டப் பதிவில்தான் மனுக்கள் அதிகம் இடறுகின்றன. தொடர்ச்சியாக ஆறு மாதம் என்று பாலிசி சொல்லும்போது, நான்காம் மாதம் மருத்துவரைப் பார்க்கத் தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொல்வார்கள். ஒவ்வொரு வருகைக்கும் எடை, உணவு, உடற்பயிற்சி, தேதி, கையொப்பம் இருக்க வேண்டும். 'நோயாளி வந்தார், நலம்' என்ற குறிப்பு எதற்கும் உதவாது. விடுபட்ட மாதத்துக்குக் காய்ச்சலோ மருத்துவமனைச் சேர்க்கையோ காரணமென்றால் அதன் சான்றையும் சேர்த்துவிடுங்கள்.

இணை நோய்களை எண்ணாகவே எழுத வேண்டும். 'கடுமையான சர்க்கரை' என்பதை விட, 'இரண்டு மாத்திரையும் இன்சுலினும் எடுத்தும் எச்பிஏ1சி 9.2' என்பது பேசும். எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை. தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்தால் தூக்கப் பரிசோதனையில் மணிக்கு எத்தனை தடை என்ற எண் வேண்டும். 30-ம் அதற்கு மேலும் கடுமையானது என்பது வழக்கமான வகைப்பாடு. ஆய்வுச் சான்று ஒன்றிரண்டு போதும். சர்க்கரை நோயாளிகளை ஐந்து ஆண்டு தொடர்ந்து, 2017-இல் வெளியான ஸ்டாம்பீட் ஆய்வில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம் பேரே எச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே வந்தார்கள். இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் செய்தவர்களில் 29, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் செய்தவர்களில் 23 சதவீதம்.

அறுவை மருத்துவரின் கடிதம் தனியாக வேண்டும். எந்த அறுவை, ஏன் அது, முன்பு எதெல்லாம் முயன்று பலிக்கவில்லை, உணவியல், மனநல மதிப்பீடுகள் எப்போது முடிந்தன, அறுவைக்குப் பின் வைட்டமின் கண்காணிப்பு யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் வரட்டும். உங்கள் கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மறுப்பின் வாசகத்தை அப்படியே மேற்கோளாக வைத்து, அதன் கீழ் பதில், அதன் கீழ் 'இணைப்பு 3, பக்கம் 2' என்று குறிப்பு. படிப்பவர் தேட வேண்டியிருந்தால் தேட மாட்டார்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த அறுவையைக் கொழுப்பு உறிஞ்சும் அழகு சிகிச்சையோடு சேர்த்து எழுதும் செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. இரண்டும் வேறு வேறு. ஒன்று தோலுக்கடியில் உள்ள கொழுப்பை எடுப்பது. மற்றது இரைப்பையின் அமைப்பையே மாற்றி, பசியையும் சர்க்கரையையும் ஆளும் ஹார்மோன்கள் வரை தொடுவது. 'அழகுக்காகச் செய்வது' என்ற வார்த்தை மறுப்புக் கடிதத்தில் ஏறும்போது நோயாளிதான் அடிபடுகிறார்.

கெடு நாளைப் பெரும்பாலும் மறுப்புக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்தோ அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்தோ எண்ணுவார்கள். முந்தையதையே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புகையுடன் கூடிய தபாலில் அனுப்பி, ரசீதைக் கோப்பில் வையுங்கள். உங்கள் மருத்துவர் நிறுவனத்தின் மருத்துவரோடு நேரில் பேச வாய்ப்புக் கேளுங்கள். பேசுபவர் இதே துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். உள் மேல்முறையீடும் தோற்றால், நிறுவனத்துக்கு வெளியே உள்ள குறைதீர்ப்பாளரிடமோ சுயேச்சை மறுஆய்வுக்கோ போக வழியிருக்கிறதா என்று பாலிசியில் பாருங்கள். அங்கேயும் இதே கோப்புத்தான் போகும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்