பனிக்காலமும் உன் நூலகமும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மா இப்போது பிடிமானம் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். பெரியவன் வேலை மாறிவிட்டான். சின்னவள் இன்னமும் நள்ளிரவு வரை படித்துவிட்டுக் காலையில் எழுந்திருக்க மறுக்கிறாள்.

உங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் குழுவில் நீ சேர்ந்திருக்கிறாய், குளிர்கால ஏற்பாடுகளை உன்னிடமே விட்டுவிட்டார்கள் என்று படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் நூலக அலமாரிச் சாவி எப்போதும் உன் கையில்தானே இருக்கும்! சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "சாயங்காலம் ஆவதற்குள் இருட்டிவிடுகிறது, தெருவெல்லாம் பனி, இந்த நாளில் எந்த நிகழ்ச்சி வைத்தால் ஆட்கள் வருவார்கள்?" என்று எழுதியிருக்கிறாய். எங்கள் கிளை நூலகத்தில் தன்னார்வலராக இருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: முதலில் நாற்காலிகளைக் கவனி. நிகழ்ச்சிகள் அப்புறம்.

குளிர் நாளில் நூலகத்துக்கு வருகிறவர் எல்லாரும் புத்தகம் தேடி வருவதில்லை. நாள் முழுக்க வீட்டில் ஹீட்டர் ஓடினால் கட்டணம் கட்டி மாளாது என்று வருகிறவர் உண்டு. பேச ஆளில்லாத வீட்டிலிருந்து வருகிறவர் உண்டு. பள்ளி விட்டதும், அம்மா வேலை முடித்து வரும் வரை ஒதுங்க இடம் வேண்டி வருகிற பிள்ளைகள் உண்டு. எதுவும் வாங்காமல், எதற்கு வந்தாய் என்று யாருக்கும் பதில் சொல்லாமல், மணிக்கணக்கில் உட்காரக்கூடிய சூடான இடம் ஓர் ஊரில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லு? 2022 குளிர்காலத்தில் பிரிட்டனில் மின்சாரம், எரிவாயுக் கட்டணம் எல்லாம் கன்னாபின்னாவென்று ஏறியபோது, அங்கே நிறைய பொது நூலகங்கள் 'கதகதப்பான இடம்' என்று அறிவித்து மக்களை உள்ளே அழைத்தன. நல்ல காரியம்தான். ஆனால் உங்கள் நூலக வாசலில் அப்படி ஒரு பலகை மாட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். உள்ளே நுழைகிறவர் வீட்டில் குளிர் காய வழியில்லாதவர் என்று அந்தப் பலகை ஊருக்கே சொல்லிவிடும். கதவு எல்லாருக்கும் பொது. அவரும் மற்றவர்களோடு ஒருவராக அதே கதவு வழியே வரட்டும்.

நாற்காலிகளைக் கவனி என்றேனே, அதில் சின்னச் சின்ன வேலை நிறைய இருக்கிறது. கதவு திறக்கும்போதெல்லாம் குளிர்காற்று அடிக்கும் இடத்தில் நாற்காலி போடாதே. கனமான கோட்டை மாட்டக் கொக்கி வேண்டும். பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றி வைக்க விளிம்பு உயர்ந்த தட்டு வேண்டும். இல்லாவிட்டால் தரையெல்லாம் ஈரமாகி வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். சுவரில் பிளக் பாயிண்ட் இருக்கும் பக்கமாக இரண்டு மேசையை நகர்த்து. பனிப்புயல் நாளில் நூலகம் திறக்குமா என்பது காலையிலேயே மக்களுக்குத் தெரிய வேண்டும். அதைத் தொலைபேசிப் பதிவிலும் போடுங்கள், வாசலிலும் ஒட்டுங்கள். வழுக்கும் சாலையில் நடந்து வந்த ஒருவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், மறுபடி வர மிகவும் யோசிப்பார்.

ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு என்ன செய்வது? எங்கள் நூலகத்தில் நன்றாக வேலை செய்வது ஒரு ஜிக்சா புதிர். ஆயிரம் துண்டு கொண்ட படத்தை ஒரு பெரிய மேசையில் கொட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். பதிவு கிடையாது, நேரம் கிடையாது, நடத்துகிறவரும் கிடையாது. போகிறவர் வருகிறவர் நின்று இரண்டு துண்டு பொருத்திவிட்டுப் போகலாம். தினமும் வந்து சுவரைப் பார்த்தபடி செய்தித்தாள் படிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். யாரோடும் பேசமாட்டார். ஒரு நாள் பள்ளிச் சீருடையோடு ஒரு சிறுமி அந்த மேசையில் விளிம்புத் துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். இவர் கொஞ்ச நேரம் எட்டி நின்று பார்த்தார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நீல நிறத் துண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கத் தொடங்கினார். "அது வானம் இல்லை, தண்ணீர்" என்றாள் அவள். "கரையை முடி, தெரிந்துவிடும்" என்றார் இவர். அவர் குரலை நான் கேட்டதே அன்றைக்குத்தான். இப்போது அவர் பையில் ஒரு பூதக்கண்ணாடியும் வருகிறது. நடத்துகிறவர், கலந்துகொள்கிறவர் என்று பிரித்து வைக்கும் நிகழ்ச்சியில் இப்படி நடப்பது அரிது. கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். பின்னல் குழுவும் அப்படித்தான். ஊசியும் நூலுமாக நாலு பேர் உட்கார்ந்தால் போதும், மற்றவர்கள் பார்க்க வந்து கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

குழந்தைகளின் கதை நேரத்தைக் காலையில் வை, மாலையில் வேண்டாம். இருட்டிய பின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனியில் வர யாருக்கும் மனம் வராது. கதை முடிந்ததும் அறையைப் பூட்டிவிடாதே. கோட்டு, கையுறை, தொப்பி எல்லாவற்றையும் குழந்தைக்கு மாட்டி முடிக்கவே கால் மணி ஆகும். புது அம்மாக்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவது அந்தக் கால் மணியில்தான். குளிர்கால வாசிப்புப் போட்டி வைப்பதாக இருந்தால் கட்டம் போட்ட அட்டை கொடு: 'பாட்டி வயதில் ஒருவருக்கு வாசித்துக் காட்டு', 'உனக்கு அதிகம் தெரியாத நாட்டின் கதை ஒன்று படி' என்று. எத்தனை புத்தகம் முடித்தாய் என்று எண்ணினால், ஏற்கெனவே நிறைய படிக்கிற பிள்ளைதான் ஜெயிக்கும். மற்றவர்கள் முதல் வாரத்திலேயே விட்டுவிடுவார்கள்.

வெளிச்சம் பற்றியும் சொல்ல வேண்டும். வெயில் குறையும் மாதங்களில் சிலருக்கு மனம் அப்படியே சோர்ந்து போகிறதே, அதை ஒரு தனி நோயாக மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் 1984இல் விவரித்தார்கள். கனடாவில் எட்மன்டன், வின்னிபெக் நகர நூலகங்கள் அதற்கென்றே பிரகாசமான சிகிச்சை விளக்குகளை வாசகர் மேசைகளில் வைத்தன. பொதுவாக 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுள்ள விளக்கு. காலையில் அரை மணி நேரம் அதன் முன் உட்கார்ந்து படிக்கலாம். விளக்கையே உற்றுப் பார்க்கக் கூடாது. கண் நோய் உள்ளவர்களும், மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். அதைப் பக்கத்திலேயே எழுதி வை. விளக்கு வாங்கப் பணம் இல்லையென்றால் பரவாயில்லை, கிழக்குப் பக்க ஜன்னலை மறைக்கும் அலமாரியை நகர்த்தினாலே எவ்வளவோ வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: தொலைநோக்கியை இரவல் கொடுப்பது. 2008இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் வானியல் ஆர்வலர் சங்கம் இதைத் தொடங்கியது. சின்னத் தொலைநோக்கியை எடுத்து, கழன்று தொலையக்கூடிய பாகங்களை எல்லாம் உடம்போடு சேர்த்துக் கட்டி, நூலகங்களுக்குக் கொடுத்தார்கள். புத்தகம் போலவே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பிறகு வேறு பல இடங்களுக்கும் இந்த வழக்கம் பரவியது. குளிர்காலத்தை விட்டால் இதற்கு ஏற்ற காலம் கிடையாது. பிள்ளைகள் தூங்கப் போகும் முன்பே நன்றாக இருட்டிவிடுகிறது. வேடன் உருவம் போலத் தெரியும் ஓரையன் விண்மீன் கூட்டமும் அந்த நேரத்தில் கண்ணுக்கு எதிரே நிற்கிறது. நாம் பஞ்சாங்கத்தில் மட்டும் பார்த்த திருவாதிரை அதன் தோளில் செக்கச் சிவந்து தெரியும். இடுப்புப் பட்டையின் மூன்று மீனுக்குக் கீழே தொலைநோக்கியைத் திருப்பினால் சாம்பல் நிறத்தில் ஒரு புகைத் திட்டு. புது விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம் அது. கார்த்திகையை வெறும் கண்ணால் பார்த்தால் ஆறு தெரியும். தொலைநோக்கியில் டஜன் கணக்கில் தெரியும். இரவல் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொல்லி அனுப்பு. பார்ப்பதற்கு அரை மணி முன்பே வெளியே வைத்துக் குளிர விட வேண்டும், இல்லாவிட்டால் படம் நடுங்கும். திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரும் முன் வெளியிலேயே மூடியைப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியெல்லாம் ஈரம் பூத்துவிடும்.

புத்தகத்துக்கும் இதே சங்கடம் உண்டு. இரவெல்லாம் காரில் குளிர்ந்து கிடந்த புத்தகத்தைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து சட்டென்று பிரித்தால் அட்டையில் ஈரம் படியும். பையிலேயே மூடி வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு எடுக்கச் சொல். வெளியே வைத்திருக்கும், புத்தகத்தைத் திருப்பிப் போடும் பெட்டியைப் பனி நாளில் அடிக்கடி திறந்து பாருங்கள். வாய் வழியாக உள்ளே புகும் பனி உருகினால் அடியில் கிடக்கும் புத்தகம் ஊறிப் போகும்.

வர முடியாதவர்களை மறந்துவிடாதே. குளிர்கால நூலகத்தின் பாதி வேலை கட்டடத்துக்கு வெளியேதான் என்று எனக்குத் தோன்றும். 1935 முதல் 1943 வரை அமெரிக்காவின் கென்டக்கி மலைக் கிராமங்களுக்குப் பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தகம் சுமந்து போனார்கள். பனியிலும் உறையும் ஓடைகளிலும் இறங்கி நடந்தவர்கள் அவர்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1931இல், நம் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூலகம் ஓடியது. தொடங்கிவைத்தவர் நூலகத் துறையின் தந்தை என்று நாம் சொல்லும் எஸ். ஆர். ரங்கநாதன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நூலகர்களுக்கு விதி வகுத்தவரும் அவரே. உங்களுக்குக் குதிரையும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். காரில் வரும் தன்னார்வலர் நாலைந்து பேரும் ஒரு பட்டியலும் போதும். வீட்டோடு இருப்பவர் யார், அவர் என்ன படிப்பார், எழுத்து பெரிதாக வேண்டுமா, ஒலிநூல் வேண்டுமா என்று கேட்டு எழுதிக்கொள். ஒரே ஆள் ஒரே வீட்டுக்குத் தொடர்ந்து போகட்டும். புத்தகத்துக்காகக் கதவு திறப்பவர், இரண்டாம் முறை பேச்சுக்காகவும் திறப்பார். எப்போதும் உடனே திறக்கும் கதவு ஒரு நாள் திறக்கவில்லையென்றால், ஏதோ சரியில்லை என்றும் அந்த ஒருவருக்குத்தான் தெரியும்.

அபராதம் பற்றிக் குழுவில் பேச்சு எடு. பனியில் வெளியே வர முடியாதவரிடம் தாமதத்துக்குக் காசு கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமத அபராதத்தையே எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு, என்றோ எடுத்துப் போன புத்தகங்களெல்லாம் திரும்பி வந்தன. பயந்து ஒதுங்கியிருந்தவர்களும் வந்தார்கள். குழுவில் யாராவது "அபராதம் இல்லாவிட்டால் யார் திருப்பித் தருவார்கள்?" என்று கட்டாயம் கேட்பார்கள். இதைச் சொல். முழுவதுமாக எடுக்க ஒப்பவில்லையென்றால், குளிர் மாதங்களுக்கு மட்டுமாவது தவணையை நீட்டச் சொல்.

மின்னூல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பனி நாளில் அதற்குத்தான் கிராக்கி. காத்திருப்புப் பட்டியல் ஏன் இவ்வளவு நீளம் என்று வாசகர்கள் கோபப்பட்டால் பொறுமையாக விளக்கு: மின்னூலை நூலகம் பெரும்பாலும் சொந்தமாக வாங்குவதில்லை, உரிமம்தான் பெறுகிறது, ஓர் உரிமத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு வாசகர்தான், பல உரிமங்கள் இரண்டு ஆண்டில் காலாவதியாகிவிடும். போனில் செயலியை இறக்கித் தர ஒரு பிள்ளையை மேசையில் உட்கார வை. வயதானவர்கள் தங்கள் பேரனிடம் கேட்கக் கூச்சப்படுவதை வேறு வீட்டுப் பேரனிடம் கேட்டுவிடுகிறார்கள்.

குளிர் முடியும் தறுவாயில் ஒரு விதைப் பரிமாற்றம் வை. வீட்டில் மிஞ்சிய விதைகளை உறையில் போட்டு, பெயரும் ஆண்டும் எழுதிக் கொண்டுவரட்டும். புத்தகப் பட்டியல் அட்டைகளை அடுக்கி வைத்த பழைய பெட்டிகள் உங்கள் கிடங்கில் கிடந்தால் அந்த இழுப்பறைகளே போதும், அளவு அவ்வளவு கச்சிதம். பழைய விதை முளைக்குமா என்று சந்தேகம் வந்தால், பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பார்க்கச் சொல். ஏழு முளைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். அதைக் குழந்தைகளிடம் விட்டுவிடு, தினமும் வந்து பிரித்துப் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே குளிர்காலத்தில் செய்யப் போகாதே. இருக்கிற நூலகர்களும் மனிதர்கள்தான்; உன் உற்சாகம் அவர்கள் தலையில் சுமையாக ஏறக் கூடாது. என்னைக் கேட்டால் இந்த ஆண்டுக்கு நாற்காலி, புதிர் மேசை, வீட்டுக்குப் புத்தகம், இந்த மூன்று போதும். தொலைநோக்கிக்கு அடுத்த ஆண்டு பணம் கேட்கலாம்.

அடுத்த கடிதத்தில் வாசிப்பு அறையின் படம் ஒன்றைக் கையால் வரைந்து அனுப்பு. கதவு எங்கே, ஜன்னல் எங்கே, பிளக் எந்தச் சுவரில் என்று குறித்துவிடு, மேசைகளை எங்கே போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். எங்கள் வீட்டு விநியோகப் பட்டியலுக்குப் பயன்படுத்தும் படிவத்தையும் அதோடு அனுப்புகிறேன். அம்மாவுக்கு என் அன்பைச் சொல். அவருக்கு ஒலிநூல் பிடிக்குமா என்றும் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் தோழி