கைநாட்டுக்குச் சாட்சி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு வளர வளர மனிதத்தன்மை என்னவாகும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவ்வளவு தூரம் போவானேன்? தேனி மாவட்டம் கம்பத்துப் பக்கம் ஏதாவது ஒரு ரேஷன் கடை வரிசையில் அரை மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும்.

எங்கள் பகுதிப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு ஒட்டிக் காய்க்கும். குனிந்து காய் எடுத்தும் களை பறித்தும் வயதாகும்போது பலருக்கு விரலில் ரேகை தேய்ந்துவிடுகிறது. சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தாலும் ரேஷன் கடையில் ரேகை பார்க்கும் மிஷின் ஏற்பதில்லை. "என்னக்கா செய்ய, எடுக்க மாட்டேங்குதே" என்கிறார் விற்பனையாளர். அந்த அக்காவை அவருக்கு வருஷக்கணக்காகத் தெரியும். ஆனாலும் 'இவர்தான்' என்று எழுதிக் கொடுக்கப் பயம், பின்னால் கேள்வி வருமே. ஓடிபி இருக்கிறது என்பார்கள். அந்தப் போன் திருப்பூரில் இருக்கும் மகனிடம். வீட்டில் வேறு யாரையாவது அனுப்பலாம் என்பார்கள். தனியாக இருக்கிற கிழவி யாரை அனுப்புவாள்?

நான் தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன். மணியார்டர் வாங்குபவர் கைநாட்டு வைத்தால், பக்கத்தில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ரேகையை மட்டும் நம்பிப் பணம் கொடுத்ததில்லை. இப்போது ரேகையை வைத்துக்கொண்டு சாட்சியை அனுப்பிவிட்டோம். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மணியார்டரில் அஞ்சு பத்து பிடித்துக்கொண்ட தபால்காரர்களும் உண்டு. மிஷின் வந்தபின் நம் பெயரில் யாரோ சர்க்கரை வாங்குவது குறைந்திருக்கிறது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் தமிழகத்துக்கு வந்த பிறகு, முன்னுரிமை அட்டை உள்ளவர்கள் கேரளத்தில் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) தங்கியிருந்தாலும் அங்கேயே அரிசி வாங்கலாம். முகம் தெரியாத ஊரில் மிஷின் உதவிதான். முகம் தெரிந்த ஊரிலும் அது சொன்னால்தான் ஆள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இடுக்கிப் பக்கம் புற்றடியிலும் நம் பக்கம் போடியிலும் ஏலக்காய் இப்போது கம்ப்யூட்டரில்தான் ஏலம் போகிறது. அங்கேகூட வியாபாரி மாதிரிக் காயைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்கிறார். காய்க்குக் கிடைக்கும் அந்தப் பார்வை, காய் எடுத்தவளுக்குக் கிடைப்பதில்லை.

இதற்கு விதியே இல்லை என்று யாரும் கையை விரிக்க முடியாது. ரேகை விழாவிட்டால் மாற்று வழியில் பொருள் தர வேண்டும் என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் செல்லுமா என்ற வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய உச்ச நீதிமன்ற நீதிபதி சந்திரசூட், மனிதரின் கண்ணியத்தையும் உரிமையையும் கணினிக் கணக்குகளின் கையில் விட முடியாது என்றார். அது சிறுபான்மைத் தீர்ப்பாகப் போனது வேறு கதை.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு கடையிலும் ஒரு பதிவேடு வையுங்கள். ரேகை விழாதவருக்கு விற்பனையாளரும், வரிசையில் நிற்கும் இன்னொரு அட்டைதாரரும் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே அரிசி தர வேண்டும். அப்படிக் கொடுத்ததற்காக விற்பனையாளரிடம் விளக்கம் கேட்கமாட்டோம் என்று உத்தரவும் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் அதிகாரிகள் அப்புறம் வீட்டுக்கே வந்து விசாரிக்கட்டும். ஜீப் திரும்பும் நேரம் பார்த்து, சாயங்காலம் வந்தால் ஆள் இருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
கம்பம், தேனி மாவட்டம்.