படுக்கை விரிப்பில் நூலின் பெயர் எழுதப்பட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரங்களில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை போன்ற நகரங்களின் புடவைக்கடைகளில் உடுதுணியோடு சேர்த்து மக்கள் தவறாமல் வாங்கும் பொருட்களில் படுக்கை விரிப்பும் ஒன்று. ஒரு சேலையை எடுப்பதற்கு அரை மணி நேரம் நின்று, விரித்துப் பார்த்து, முந்தானையைத் தோளில் போட்டும் பார்க்கிற நாம், இரவு முழுவதும் உடம்போடு ஒட்டிக் கிடக்கப்போகும் விரிப்பைப் பூவையும் நிறத்தையும் விலையையும் மட்டும் பார்த்து எடுத்து வந்துவிடுகிறோம். வாங்குவோரை மட்டும் இதற்குக் குறை சொல்ல முடியாது. அந்தத் துணி எந்த நூலில் நெய்யப்பட்டது என்பதை அறிந்துகொள்ள வழியில்லாமல்தான் அது பெரும்பாலும் விற்கப்படுகிறது. ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் துணித் தரம் பார்க்கும் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்தவள் என்ற முறையில், இதுபற்றிச் சில விடயங்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாக வாசகர்களுக்கும் வர்த்தகர்களுக்கும் உரிய அதிகாரிகளுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்குக் குளிர்ச்சியான விரிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மலையகம் முழுவதும் நுவரெலியா அல்ல. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் இருந்தாலும், ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் உள்ள கண்டியிலும் அதைவிடத் தாழ்ந்த மாத்தளையிலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகலெல்லாம் சுட்ட தகரக் கூரையின் கீழே படுப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. கொழும்பில் ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுத்து நான்கைந்து பேராகத் தங்கி வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கும் எழாது. உண்மையில் நுவரெலியாக்காரர்களுக்கும் இது தேவையான விடயமே. கனத்த போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தவர் நள்ளிரவில் முதுகு நசநசத்து விழிப்பதும், போர்வையை உதறிவிட்டு அடுத்த நிமிடமே நடுங்குவதும் இங்கே பல வீடுகளில் நடப்பதுதான். பழியைப் போர்வையின் மேல் போடுகிறோம். பல வேளைகளில் குற்றவாளி அடியில் கிடக்கும் விரிப்பு.

காரணம் எளிமையானது. தூங்கும்போதும் நம் உடம்பு ஈரத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த ஈரத்தைத் துணி உறிஞ்சி மெல்ல மெல்லக் காற்றுக்குக் கொடுத்துவிட்டால் தோல் உலர்ந்திருக்கும். உறிஞ்சாவிட்டால் அது தோலுக்கும் துணிக்கும் இடையில் தேங்கி நிற்கும். 65 சதவீத ஈரப்பதன் உள்ள காற்றில் பருத்தி நூல் தன் உலர் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. ஆளிச்செடி நாரால் ஆன லினன் 12 சதவீதம் வரை வைத்துக்கொள்கிறது. பொலியெஸ்டரோ அரை சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. பொலியெஸ்டர் விரிப்பின் மேல் படுத்து, பொலியெஸ்டரால் ஆன மென்மயிர்ப் போர்வையைப் போர்த்திக்கொண்டால் உடம்பின் ஈரம் போவதற்கு இடமில்லை. கடையில் தொட்டுப் பார்க்கும்போது அதே துணி வழவழவென்று குளிர்ச்சியாகவே இருக்கும். அந்தக் குளிர்ச்சி படுத்த சில நிமிடங்களுக்கு மட்டுமே. கைக்குப் படும் முதல் குளிர்ச்சியை நம்பி விரிப்பு வாங்குவதுதான் நாம் மிகுதியாக ஏமாறும் இடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நூல் பருத்தியாக இருந்தால் மட்டும் போதாது, நெசவையும் பார்க்க வேண்டும். குறுக்கு நூல், பாவு எனப்படும் நெடுக்கு நூலை ஒன்றுவிட்டு ஒன்றாக மேலும் கீழும் கடந்து செல்லும் சாதாரண நெசவில், நெருக்கமாக நெய்த துணியைப் பேர்கேல் என்கிறார்கள். அது சற்று மொரமொரப்பாக இருக்கும், உடம்பில் ஒட்டாது, காற்றை விடும். நூல்கள் நான்கைத் தாண்டி ஒன்றின் கீழ் நுழையும் சட்டீன் நெசவு பட்டுப்போல் மினுங்கும், வழிந்து விழும், ஆனால் உடம்போடு படிந்து சூட்டைப் பிடித்து வைக்கும், உரசலுக்கும் சீக்கிரம் நைந்துவிடும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் சட்டீன் விரும்புகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். கண்டியிலும் மாத்தளையிலும் இருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது அந்த எண்கள். பொலித்தீன் உறையில், வெளிநாட்டு ஹோட்டல் அறை ஒன்றின் படத்துக்கு மேலே 1000, 1500, 1800 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு சதுர அங்குலத் துணியில் நெடுக்காகவும் குறுக்காகவும் எத்தனை நூல்கள் உள்ளன என்பதைச் சொல்ல ஏற்பட்ட கணக்கு அது. நல்ல பருத்தியில் 200 முதல் 400 வரை இருந்தாலே விரிப்பு உறுதியாகவும் மென்மையாகவும் இருக்கும். அதற்கு மேல் போகப் போக அங்குலத்துக்குள் நூலுக்கு இடமிருப்பதில்லை. ஆகவே இரண்டு மூன்று மெல்லிய இழைகளை முறுக்கி ஒரு நூலாக்கி, நெய்த பிறகு ஒவ்வொரு இழையையும் தனித்தனியே எண்ணி எண்ணைப் பெருக்குகிறார்கள். 1800 என்று போட்டு விற்கப்படும் விரிப்புகள் பெரும்பாலும் மைக்ரோஃபைபர் எனப்படும் மிக மெல்லிய பொலியெஸ்டர் இழையால் ஆனவை. பருத்திக்கு உரிய அந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது.

பெயர்களிலும் இதே விளையாட்டு உண்டு. மூங்கில் விரிப்பு என்று விற்கப்படுவது பெரும்பாலும் மூங்கில் கூழை இரசாயனத்தில் கரைத்து இழையாக்கிய ரேயோன்தான். அதனை மூங்கில் துணி என்று விற்ற நிறுவனங்கள் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2009ஆம் ஆண்டிலிருந்தே நடவடிக்கை எடுத்து வருகிறது. எகிப்தியப் பருத்தி என்ற பெயரில் வேறு பருத்தி விரிப்புகளை விற்றது தெரியவந்து, 2016இல் அமெரிக்காவின் பெரிய கடைத்தொகுதி ஒன்று தனக்கு அவற்றை அனுப்பிய உற்பத்தியாளருடன் இருந்த தொடர்பையே துண்டித்துக்கொண்டது. பரிசோதனைக் கூடங்களும் சட்டத்தரணிகளும் நிறைந்த நாட்டிலேயே இப்படியென்றால், தோட்டத்துச் சம்பள நாளில் மூட்டையோடு வரும் வியாபாரி "அக்கா, இது சுத்த கொட்டன், தொட்டுப் பாருங்க" என்று சொல்வதை நாம் எதை வைத்துச் சரிபார்ப்பது?

சில வழிகள் உள்ளன. துணியின் ஒரு மூலையைக் கைப்பிடிக்குள் இறுக்கிக் கசக்கிவிட்டு விடுங்கள். பருத்தி சுருங்கிய மடிப்போடு நிற்கும், பொலியெஸ்டர் ஒன்றும் நடவாதது போல நிமிர்ந்துவிடும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூல் ஒரே சீராக ஓடாமல் இடையிடையே மேகம் போல் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் நெசவு மட்டமானது. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் கடும் நிறமுள்ள இடத்தைத் தேய்த்தால் சாயம் நிற்குமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். ஆனால் புதுத்துணியில் கஞ்சிப்பசை ஏற்றியிருந்தால் பருத்தியிலும் தண்ணீர் உருண்டு நிற்கும் என்பதால் துவைத்த பிறகே அதை நம்பலாம்.

ஐயம் தீராதவர்களுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. அண்மையில் எங்கள் நகரத்துக் கடையொன்றில் சுத்தப் பருத்தி என்று சொல்லித் தந்த விரிப்பின் ஓரத் தையலுக்குள்ளிருந்து மூன்று நான்கு நூல்களை உருவி, குறட்டால் பிடித்து, ஒரு தட்டுத் தண்ணீருக்கு மேலே மெழுகுதிரியில் காட்டினேன். பருத்தியாக இருந்திருந்தால் தாள் எரிகிற மணத்தோடு எரிந்து, விரலால் தொட்டதும் உதிர்ந்துபோகும் சாம்பல் மிஞ்சியிருக்கும். இந்த நூலோ நெருப்புப் படும் முன்னரே சுருண்டு பின்வாங்கியது. பிறகு கரும்புகையோடு உருகி, நுனியில் கடுகளவு கறுப்பு மணியாக இறுகிப்போனது. நகத்தால் அழுத்தினாலும் அது உடையவில்லை. மறுநாள் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, "கொட்டன் மிக்ஸ்தான் மிஸ், எல்லாக் கடையிலும் இதுதான்" என்றார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்றுகூட நான் கருதவில்லை. மொத்த வியாபாரி சொன்னதை அவர்கள் சொன்னார்கள். உறையிலோ துணியிலோ ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை.

கலப்புத் துணியே கூடாது என்பது என் வாதமல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் கனமான பருத்தி விரிப்பொன்றைத் துவைத்துக் காயவைப்பது எத்தகைய வேலை என்பதை அங்கே குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியே போட்டால் மழை. உள்ளே போட்டால் பூஞ்சண வாடை. அடுப்படிக் கொடியில் போட்டால் விறகுப் புகை. பொலியெஸ்டர் கலந்தது விரைவில் காயும், சுருக்கம் விழாது, விலையும் குறைவு. லயத்து வீட்டில் கொடிக்கு இடமே இல்லாத ஒரு தாய் அதைத் தேர்ந்தெடுத்தால் அது முற்றிலும் நியாயமே. ஆயினும் சில மாதங்களில் தலை வைக்கும் இடத்திலும் கால் உரசும் இடத்திலும் சிறு சிறு உருண்டைகள் திரண்டு உறுத்தும் என்பதையும் அவர் அறிந்து வாங்க வேண்டும். பருத்தியிலும் இந்த உருண்டைகள் வருவதுண்டு, ஆனால் உதிர்ந்துவிடும். பொலியெஸ்டர் இழையின் உறுதி அவற்றை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. மழைப் பிரதேசத்துக்காரர்களுக்கு என் சொந்த யோசனை, கனமான ஒன்றுக்குப் பதிலாக மெல்லிய பேர்கேல் பருத்தி விரிப்புகள் இரண்டை வாங்கி மாற்றி மாற்றிப் போடுவதே. மருதமுனைக் கைத்தறி விரிப்புகளும் மலைக்கு நன்கு பொருந்துபவை. வாங்குமுன் நூலையும் சாயத்தையும் கேட்டுக்கொண்டால் போதும். எந்தப் பருத்தி விரிப்பும் முதற் சலவையில் ஓரளவு சுருங்கும் என்பதால் மெத்தையின் நீள அகலத்தோடு தடிப்பையும் அளந்துகொண்டு போய்ச் சற்றுப் பெரிதாக எடுப்பது நல்லது. துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது இழையின் மேல் படலமாகப் படிந்து, நாம் காசு கொடுத்து வாங்கிய உறிஞ்சும் தன்மையையே குறைத்துவிடுகிறது.

இனி அதிகாரிகளுக்கு. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கிய காலத்திலிருந்து இந்நாட்டுப் பெண்கள் வெளிநாட்டுக்குப் போகும் ஆடைகளில் லேபல் தைத்து வருகிறார்கள். அவர்களில் மலையகப் பெண் பிள்ளைகளும் பலர். பருத்தி இத்தனை வீதம், பொலியெஸ்டர் இத்தனை வீதம், இந்தச் சூட்டில் துவைக்கவும் என்ற அந்தச் சிறு துண்டு ஒரு நூலளவு கோணினாலும் ஆடை திருப்பி அனுப்பப்படும் என்பது எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்பட்ட பாடம். அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டுச் சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011ஆம் ஆண்டின் 1007ஆம் இலக்க ஒழுங்குவிதியும் நூலின் வகையையும் வீதத்தையும் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கியுள்ளன. அதுவும் விற்கப்படும் நாட்டின் அரச மொழியில் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. பிறருக்காக இவ்வளவு கவனத்தோடு லேபல் தைத்த பெண் விடுமுறைக்கு ஊருக்கு வந்து தன் தாய்க்கு வாங்கும் விரிப்பில் ஒன்றுமே எழுதியிருப்பதில்லை என்பது எனக்கு வேடிக்கையாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருட்களின் லேபல் குறித்து உற்பத்தியாளர்களுக்கும் வர்த்தகர்களுக்கும் பணிப்புரை விடுக்க அச்சபைக்கு அதிகாரம் தருகிறது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையை 30ஆம் பிரிவு தடுக்கிறது. பெரிய பரிசோதனைக் கூடம் எதுவும் கேட்கவில்லை. இறக்குமதியானாலும் உள்நாட்டுத் தயாரிப்பானாலும், படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை ஆகியவற்றின் உறையிலும் ஓரத் தையலிலும் நூலின் வகை, வீதம், துவைக்குமுன் உள்ள அளவு ஆகிய மூன்றும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும் என்ற ஒரு பணிப்புரை போதும். பருத்தி என்று எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டோடு வேறு துணி கிடைத்தவர்கள் சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அதற்காகவே பற்றுச்சீட்டில் வெறுமனே 'பெட்சீட்' என்று எழுதாமல் நூலின் பெயரையும் எழுதித் தருமாறு கேட்டு வாங்க வேண்டும். எழுதத் தயங்கும் கடைக்காரரின் தயக்கத்திலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

நகரத்து வர்த்தகர் சங்கங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு, அதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. ஒட்டி மூடிய பொலித்தீன் உறையைப் பிரிக்க விடாமல் விரிப்பு விற்கும் வழக்கத்தை, குறைந்தது வரும் பண்டிகைக் காலத்திலாவது, நிறுத்துங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றை மட்டும் உறையிலிருந்து எடுத்து, ஒரு முறை துவைத்துக் காயவைத்து, விலையையும் நூலின் பெயரையும் எழுதித் தொங்கவிட்டால், வாங்க வருபவர்கள் கசக்கியும் தடவியும் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
தலவாக்கலை.