செனட் ஹவுஸ் விழாக்களுக்கு மட்டுமான மண்டபமாகிவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேப்பாக்கத்தில் கடற்கரைச் சாலையை நோக்கி நிற்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைப் பற்றி எழுதுவோர், அதன் நான்கு கோபுரங்களையும் வண்ணக் கண்ணாடிகளையும் இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக் கலைகள் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தக் கட்டடத்துக்குள் என்னென்ன பணிகள் நடந்தன, அவை எப்படி மாறிவந்தன என்பது அரிதாகவே பேசப்படுகிறது. இனி அதை எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்ய வேண்டியவர்களுக்கு இந்த வரலாறே முதலில் உதவும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1857இல் தொடங்கப்பட்டபோது சென்னைப் பல்கலைக்கழகத்துக்கென்று வகுப்பறைகள் கிடையாது. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பாகவும், தேர்வு வைத்துப் பட்டம் வழங்குவது பல்கலைக்கழகத்தின் பொறுப்பாகவும் இருந்தன. மாநிலக் கல்லூரிக் கட்டடத்தையும் வடிவமைத்த ராபர்ட் சிசோம், 1874 முதல் 1879 வரையிலான ஆண்டுகளில் செனட் ஹவுஸை எழுப்பினார். இன்றைய ஆந்திரம், கேரளம், கர்நாடகம் ஆகியவற்றின் பகுதிகளும் சேர்ந்திருந்த மாகாணம் முழுமைக்கும் அன்று இதுவே ஒரே பல்கலைக்கழகம். அதனால் வெளியூர் மாணவர் பலருக்குப் பல்கலைக்கழகம் என்பதே தேர்வும் பட்டமும்தான். அவற்றுக்கென எழுந்த இடம் இந்தப் பெருமண்டபம். பல்கலைக்கழகத்துக்கெனத் தனி ஆய்வுத் துறைகள் உருவாகி, 1936இல் தனி நூலகக் கட்டடமும் திறக்கப்பட்ட பின்னர் வளாகத்தின் மையம் மெல்ல இடம்பெயர்ந்தது.

அடுத்து நடந்ததுதான் மிகவும் மறக்கப்பட்டது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி உருவான சென்னை மாகாணச் சட்டப்பேரவைக்கு 215 உறுப்பினர்கள். அத்தனை பேர் அமர்வதற்கு இடம் தேவைப்பட்டபோது, 1937 ஜூலை மாதத்தில் பேரவை கூடியது இந்த மண்டபத்தில்தான். ராஜாஜி பிரதமராகவும் (மாகாண அரசின் தலைவரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்), புலுசு சாம்பமூர்த்தி பேரவைத் தலைவராகவும், ருக்மிணி லட்சுமிபதி துணைத் தலைவராகவும் பொறுப்பேற்ற பேரவை அது. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்குச் சட்டம், பேரவை இங்கே கூடிவந்த மாதங்களில் இயற்றப்பட்டதாகும். 1938 ஜனவரியில், இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் விருந்து மண்டபத்துக்குப் பேரவை மாறியது. சில மாதங்களே நீடித்த பயன்பாடு என்றாலும், பட்டம் வழங்கக் கட்டிய மண்டபம் மக்கள் பிரதிநிதிகளின் விவாதத்துக்கும் இடம் கொடுத்தது என்பது நம் மாணவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தி.

பின்னாளில் பட்டமளிப்பு விழாக்கள் பல்கலைக்கழக நூற்றாண்டு விழா மண்டபத்துக்குச் சென்றன. முதன்மைப் பணியை இழந்த கட்டடம் பராமரிப்பையும் இழந்தது. பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டி அது புதுப்பிக்கப்பட்டது. அந்தப் பணியைச் செய்தவர்களுக்கு நகரம் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் புதுப்பித்த பிறகு அன்றாடம் என்ன வேலை கொடுப்பது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்த கட்டடத்துக்குக் கடலோர உப்புக்காற்று ஓயாத பகை. அடைத்த அறையில் ஈரம் தங்கும். தினமும் ஆள் புழங்கும் அறையில் ஒரு கசிவோ விரிசலோ தோன்றினால் அன்றே கண்ணில் படும்.

அருகிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மஹால் 2012 ஜனவரியில் தீயில் எரிந்து கூரையை இழந்தது. அதை மீட்டெடுத்ததோடு நில்லாமல், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு இடமாகவும் கொடுத்தார்கள். நவாபின் மாளிகையாக இருந்த இடத்தில் இன்று வழக்குகள் நடக்கின்றன. பழமைக்கு அதனால் பங்கம் எதுவும் வந்துவிடவில்லை.

செனட் ஹவுஸுக்கும் பல்கலைக்கழகப் பணியையே கொடுக்கலாம். முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வுகளை இங்கே நடத்துவது எனக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. தேர்வுக்கென்றே பிறந்த மண்டபம் அல்லவா? அறக்கட்டளைச் சொற்பொழிவுகளையும் இங்கே வைத்துப் பொதுமக்களை அழைக்கலாம். வண்ணக் கண்ணாடிகளுக்கும் கூரை ஓவியங்களுக்கும் ஊறு நேரும் என்ற அச்சம் நியாயமானதே. ஒரு நேரத்தில் எத்தனை பேர் என்று வரம்பு வைத்து, உணவையும் கனத்த ஒலிபெருக்கிகளையும் தவிர்த்தால் அதைச் சமாளிக்க முடியும். அத்துடன், 1937இல் சட்டப்பேரவை கூடியதைக் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டு ஒன்றை மண்டப வாயிலில் பொறிக்கப் பல்கலைக்கழகமும் சட்டப்பேரவைச் செயலகமும் இணைந்து ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை