ஞாயிறு வரை அந்த விளக்கில் கை வைக்காதே

காவேரிப்பட்டணம்,
புதன் இரவு

அன்புள்ள மல்லிகா,

போனில் பேசி இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் கடிதமா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ "சரிடி, சரிடி" என்று அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவாய். எழுத்தில் கொடுத்தால்தான் உனக்கு ஏறும். வார்டன் அம்மா கதவில் நோட்டீஸ் ஒட்டியதெல்லாம் யாருக்காக?

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. யாழினி பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். தோட்டத்தில் பெங்களூரா மாங்காய் காய்ப்பு இந்த வருஷம் சுமார்தான். கூழ் ஃபாக்டரிக்குக் கேட்கிற விலைக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

இப்போது விஷயம். திங்கட்கிழமை நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாயே, நடையில் இருக்கிற எல்இடி பல்பு சுவிட்சை அணைத்த பிறகும் ராத்திரி முழுக்க மினுக்கென்று எரிகிறது, அருண் அதற்குப் பேய் விளக்கு என்று பெயர் வைத்திருக்கிறான் என்று. அதே மூச்சில், சேலத்தில் வாங்கிய பித்தளைத் தொங்கு விளக்கை ஞாயிற்றுக்கிழமை நீயே ஹாலில் மாட்டப்போவதாகவும் சொன்னாய். அப்போது நானும் சிரித்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

மல்லிகா, அது பேய் இல்லை. அப்பா கட்டிய அந்த வீட்டில் சுவிட்ச் கரண்ட் வருகிற பேஸ் ஒயரில் இல்லாமல், திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படி இருந்தால், நீ சுவிட்சை அணைத்தாலும் கரண்ட் பல்பு வரை வந்து காத்துக்கொண்டு நிற்கும். திரும்பிப் போகிற வழிதான் அடைபட்டிருக்கும். குழாய்க்குள் ஒட்டி ஒட்டி ஓடுகிற ஒயர்களுக்கு நடுவே கசிகிற துளி மின்சாரமே எல்இடி மங்கலாக எரியப் போதும். அப்பா காலத்தில் இருந்தது அறுபது வாட் குண்டு பல்பு. அது இந்தத் துளிக்கெல்லாம் அசையாது. அதனால்தான் இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. சுவிட்சிலேயே சின்னச் சிவப்பு விளக்கு இருந்தாலும் பல்பு இப்படி எரியும். ஆனால் உன் வீட்டுக் கறுப்பு சுவிட்சுகளில் அதெல்லாம் ஏது?

ஹாலிலும் அதே கையால் வேலை நடந்திருந்தால், நீ சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி ஏணியில் ஏறுவாய், உன் விரல் போய்த் தொடுவது 230 வோல்ட்.

எனக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், போன மாதம் நானே அப்படி நின்றேன். நடு ஹாலில் விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற லைட் போய்விட்டது. எலக்ட்ரீஷியன் வருகிறேன் வருகிறேன் என்று பத்து நாள் ஓட்டினார். ஃபிட்டிங் மாற்றுவதுதானே என்று நானே இறங்கினேன். மெயினை இறக்கினேன். ஃபிரிட்ஜ் நின்றது, டிவி நின்றது. லைட் சுவிட்சும் அணைந்துதான் இருந்தது. சமையலறை லைட் மட்டும் இன்வர்ட்டரில் எரிந்தது. அது தினமும் நடப்பதுதானே என்று விட்டுவிட்டேன். ஸ்டூலில் ஏறி மூடியைக் கழற்றி, கனெக்டர் திருகில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது.

எத்தனை நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. யாழினி கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, என்னம்மா" என்கிறாள். எனக்கு வாயே வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு இன்வர்ட்டர் வைக்க வந்தவர் அந்த லைட்டையும் இன்வர்ட்டர் லைனில் சேர்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருக்கிறார். கரண்ட் போகும்போது ட்யூப் லைட் எரியும், அதனால் நடு லைட்டை நாங்கள் போட்டுப் பார்த்ததே இல்லை. சுவிட்சும் நியூட்ரலில். பேட்டரி பன்னிரண்டு வோல்ட்தானே, என்ன செய்யும் என்று நம் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். பேட்டரிதான் பன்னிரண்டு. இன்வர்ட்டரிலிருந்து வெளியே வருவது மெயினில் வருகிற அதே அளவு. நான் வகுப்பில் வருஷா வருஷம் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது.

கோமதி வீட்டு வாசலில் நாம் இரண்டு பேரும் நின்ற மதியம் உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் தம்பியும் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஹோல்டரைத் தொட்டான். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

அதனால் கேள். ஏணியில் ஏறும் முன் மெயினை இறக்கு, இன்வர்ட்டரையும் அதன் சுவிட்சிலேயே அணை. உங்கள் வீட்டில் இன்னும் பீங்கான் ஃப்யூஸ்தானே? மெயினை இறக்கிய பிறகு ஃப்யூஸ் கேரியரைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள். ஏனென்றால் ஃபேன் நின்றவுடன் உன் மாமியார் எழுந்து போய் மெயினைத் தூக்குவார். அவரைக் குறை சொல்லவில்லை, எல்லா வீட்டிலும் பெரியவர்கள் அப்படித்தான். மெயினை இறக்கும் முன்பே டெஸ்டரைக் கரண்ட் இருக்கிற பிளக் பாயிண்டில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள். பிறகு மேலே இருக்கிற ஒவ்வொரு ஒயரிலும் வை, ஒன்று விடாமல். காய்ந்த மர ஸ்டூலில் ரப்பர் செருப்போடு நின்றால் டெஸ்டர் மங்கலாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே படாது. அதனால் டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நான் நம்புவதில்லை, ஹோல்டரில் இரண்டு ஒயர் கோத்த பல்பு, அதுதான் டெஸ்ட் லேம்ப், அதையும் போட்டுப் பார்ப்பேன். ஒயரின் நிறத்தையும் நம்பாதே. இப்போது கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த், சிவப்போ மஞ்சளோ நீலமோ பேஸ். அப்பா காலத்தில் கையில் கிடைத்த ஒயரை இழுத்திருப்பார்கள்.

இன்னொன்று, அது பித்தளை. உள்ளே ஒரு ஒயர் தோல் உரிந்து உடம்பில் பட்டால் விளக்கு முழுக்க கரண்ட் ஆகிவிடும். எர்த் ஒயர் இல்லாமல் அதை மாட்டவே கூடாது. பழைய லைட் பாயிண்டுகளில் பெரும்பாலும் இரண்டே ஒயர்தான் இருக்கும், எர்த் வந்திருக்காது. எர்த் இழுப்பதும் சுவிட்சை பேஸுக்கு மாற்றுவதும் உன் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. பல்பு, ஃபேன், ஃப்யூஸ், சுவிட்ச், லைட் ஃபிட்டிங் இவற்றில் பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் புதிது மாட்டுவதை 1956ஆம் வருஷத்து மின்சார விதிகளே வீட்டுக்காரருக்கு விட்டிருந்தன. வயரிங்கை மாற்ற லைசென்ஸ் உள்ளவர்தான் வேண்டும். அவர் வரும்போது முப்பது மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்கிற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றும் போடச் சொல். உடம்பு வழியாக மண்ணுக்குக் கரண்ட் கசிந்தால் அது கண் இமைக்கும் முன் இறங்கிவிடும். ஆனால் ஒரு கையில் பேஸ், ஒரு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதுவும் காப்பாற்றாது.

விளக்கு ஏழு கிலோ என்றாயே, எடை மொத்தமும் ஃபேன் கொக்கியில் சங்கிலியோடு நிற்க வேண்டும். ஒயர் தளர்வாக இருக்கட்டும். முறுக்கி டேப் சுற்றுகிற வேலை வேண்டாம், சூட்டில் பசை இளகிவிடும். கனெக்டர் வாங்கி வை. திருகை இறுக்கிய பிறகு ஒயரை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும், செம்பு துளியும் வெளியே தெரியக் கூடாது.

இவ்வளவும் எழுதிவிட்டு உன்னைத் தனியாக ஏற விடுவேன் என்று நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து பாலக்கோட்டுக்கு வந்துவிடுகிறேன். 2004இல் உங்கள் தருமபுரி மாவட்டத்திலிருந்து எங்கள் கிருஷ்ணகிரியைப் பிரித்ததிலிருந்து நான் என்னவோ வெளியூர்க்காரி மாதிரி நீ பேசுகிறாய், இரண்டு மணி நேரம்கூட ஆகாது. டெஸ்ட் லேம்ப் கொண்டு வருகிறேன். களி கிண்டி வை, கீரை கடைந்தால் போதும். முதலில் நடை லைட்டைத் திறந்து பார்ப்போம். சுவிட்ச் நியூட்ரலில்தான் என்று தெரிந்தால், எலக்ட்ரீஷியன் வந்து சரி செய்கிற வரை பித்தளை விளக்கு பெட்டியிலேயே இருக்கட்டும். கோபித்துக்கொள், பரவாயில்லை.

அருணிடம் சொல்லிவை, அந்த பல்பை அவன் கழற்றவும் வேண்டாம், தொடவும் வேண்டாம்.

உன்
விஜயா

பி.கு.: உன் வீட்டில் இருப்பது இரும்பு ஏணியா, மர ஏணியா? இரும்பு என்றால் பக்கத்து வீட்டு மூங்கில் ஏணியைக் கேட்டு வாங்கி வை. இன்வர்ட்டர் லைனில் எந்தெந்த லைட் எரிகிறது என்று நாளை ஒருமுறை மெயினை இறக்கி, எல்லாச் சுவிட்சையும் போட்டுப் பார்த்து எழுதி வை.